ஒரே வீடு, இரண்டு வீட்டுப் பிள்ளைகள்

மறுமணம் செய்துகொள்ளும் பெரியவர்களுக்கு ஊர் இப்போது கொஞ்சம் வழிவிடத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு புது வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு?

கே.கே. நகரில் பி.டி. ராஜன் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், இரண்டாவது மாடி ஃப்ளாட். சனிக்கிழமை காலை. பத்து வயதுப் பெண் தன் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நைட் டிரெஸ், கணக்கு நோட்டு, பல் துலக்கும் பிரஷ். ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பையன் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, நானும் வரட்டா?"

"அது எங்கப்பா வீடுடா. நீ வர முடியாது."

"அப்ப நான் யார் வீட்டுக்குப் போறது?"

சமையலறையில் இருந்த இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பதில் வரவில்லை.

அந்தப் பெண் தாயின் முதல் திருமணத்தில் பிறந்தவள். விவாகரத்துக்குப் பிறகு வார இறுதியில் தந்தை வந்து அழைத்துப் போகிறார். பையன் இந்த வீட்டுக்காரரின் மகன். அவனைப் பெற்றவள் உயிரோடு இல்லை. இருவரும் ஒரே வேனில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். மாலையில் சிவன் பூங்காவில் ஒரே ஊஞ்சலுக்குச் சண்டை போடுகிறார்கள். அவளுடைய பழைய பென்சில் பாக்ஸைத்தான் அவன் பெருமையாக வகுப்புக்கு எடுத்துப் போகிறான். ஆனால், கீழே பைக் ஹாரன் கேட்டதும் அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது, அவனுக்கு இல்லை.

இந்தத் திருமணத்துக்கு முன் அந்தப் பெரியவர்கள் எவ்வளவோ யோசித்திருந்தார்கள். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கைக்கு வந்துவிட்டதா, ஜாதகம் ஒத்துப்போகிறதா, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, வாடகை வீடா சொந்த வீடா என்று எல்லாவற்றையும் பேசினார்கள். சனிக்கிழமைகளைப் பற்றி யோசிக்கவில்லை. யாருமே யோசிப்பதில்லை. "இனிமே இவங்கதான் உனக்கு அம்மா" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பிள்ளை புரிந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறோம். அந்த ஒரு வரியை அந்தப் பிள்ளை தலைக்குள் எத்தனை நாள் புரட்டிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு வா

மறுமணமும் பிள்ளையும் சேர்ந்து வருவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. சேர்ந்து வரவிடாமல் பார்த்துக்கொண்டதுதான் பழைய வழக்கம். கணவனை இழந்த இந்துப் பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-ல் சட்டம் வந்தது. அதே சட்டம், அவள் மறுமணம் செய்துகொண்டால் இறந்த கணவரின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை போய்விடும் என்றது. பிள்ளைகளுக்கு வேறொரு காப்பாளரை நியமிக்கச் சொல்லி, கணவரின் பெற்றோரும் அந்த வீட்டு ஆண் உறவினர்களும் நீதிமன்றம் போகலாம் என்றும் அதன் 3-வது பிரிவு சொன்னது. வாழ்க்கையா, பிள்ளையா என்ற கேள்வி அவள் முன்னால் வந்து நின்றது. அந்தச் சட்டம் 1983-ல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

ஆண்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மனைவி இறந்த ஒரு வருடத்துக்குள், பல வீடுகளில் அவளுடைய தங்கையையே கட்டிவைத்தார்கள். பிள்ளைகளை வளர்க்க ஆள் வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் தங்கையிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகளிடமும்தான்.

பிறகு காலம் மாறியது. 1949-ல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1955-ல் இந்துத் திருமணச் சட்டம். 1976-ல் அதில் பரஸ்பர சம்மத விவாகரத்து சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 1975-லேயே டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. பெற்ற தாய்க்குப் பிள்ளைகளே முன்னின்று மறுமணம் செய்துவைத்த செய்தி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து வந்தபோது, தமிழ்நாடே அந்த மகன்களைக் கொண்டாடியது.

ஆனாலும் வரன் தேடும் பக்கங்களைப் பாருங்கள். மறுமணப் பகுதியில் இன்றும் "குழந்தை இல்லாத" என்ற நிபந்தனை கண்ணில் படுகிறது. "குழந்தை உண்டு, உடன் வசிக்கவில்லை" என்று எழுதினால் அது ஒரு கூடுதல் தகுதி. உடன் வசிக்கும் குழந்தை என்றால், அதைச் சொல்வதற்கு முன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். பிள்ளை அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே ஒரு சலுகையாக ஆகிவிடுகிறது. பிறகு அதனிடம் நன்றியை எதிர்பார்க்கிறோம்.

(பெட்டி)
எத்தனை பேர்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்து பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். சட்டப்படி விவாகரத்து வாங்காமல் பிரிந்து வாழ்பவர்கள் அதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கணவரை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடி. இவர்களில் எத்தனையோ பேருக்கு வளர்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தக்காளி போடாத ரசம்

புதிதாக வந்தவர் என்ன செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "பிடிவாதம்". பெரும்பாலும் அது பிடிவாதம் அல்ல. துக்கம்.

"எங்கம்மா ரசத்துல தக்காளி போட மாட்டாங்க" என்று தட்டைத் தள்ளிவைக்கும் பையன், ரசத்தைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவைப் பற்றிப் பேச அவனுக்கு அந்த வீட்டில் வேறு வழி இல்லை. அவள் பெயரை எடுத்தால் பாட்டி அழுகிறாள், அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார், புதிதாக வந்தவர் முகம் வாடுகிறது. ஆகவே ரசத்தின் வழியாகப் பேசுகிறான். அங்கே "சரி, நாளைக்குத் தக்காளி இல்லாம வைக்கிறேன். அம்மா வேற என்ன போடுவாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். அவனுக்கு ஒரு கதவு திறக்கிறது. "நான் வச்சதைச் சாப்பிட்டா சாப்பிடு" என்றால் அது மூடிக்கொள்கிறது.

விவாகரத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு வேறொரு இழப்பு. அப்பாவும் அம்மாவும் என்றாவது ஒருநாள் சேர்ந்துவிடுவார்கள் என்று அது மனத்துக்குள் ஓர் ஓரத்தில் வைத்திருந்த நம்பிக்கை, அம்மாவின் இரண்டாவது திருமணத்தன்று முடிந்துபோகிறது. மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கும்போது அது மட்டும் சோர்ந்து உட்கார்ந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இதைவிடக் கடினமானது இன்னொன்று. புதிதாக வந்தவரைப் பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்துப்போகும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், கணக்குப் புரியவைத்தார், திட்டவே இல்லை. பிடித்துப்போன அன்றிலிருந்து உள்ளே உறுத்தல் தொடங்குகிறது. இவரைப் பிடிக்கிறது என்றால் அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோமோ? நேற்றுவரை ஒட்டி விளையாடிய பிள்ளை இன்று காரணமே இல்லாமல் முரண்டு பிடித்தால், அந்த உறுத்தல்தான் பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பெற்றவர் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அவரையும் உனக்குப் பிடிக்கலாம். அப்பாவையும் பிடிக்கலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க." விவாகரத்து செய்த முன்னாள் கணவரோ மனைவியோ இதைத் தங்கள் வாயால் சொன்னால் அதன் பலன் பல மடங்கு. எனக்குத் தெரிந்து அதைச் சொல்ல மனம் வந்தவர்கள் மிகக் குறைவு. சொன்னவர்களின் பிள்ளைகள் தப்பித்தார்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? இத்தகைய குடும்பங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா பேப்பர்னோ, சீக்கிரமாகக் கூடிவரும் குடும்பங்களுக்கே நான்கு ஆண்டுகள், மற்றவற்றில் பலவற்றுக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று 1993-ல் வெளியான தம் நூலில் எழுதினார். வர்ஜீனியாவில் விவாகரத்துக் குடும்பங்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த மேவிஸ் ஹெதரிங்டனின் ஆய்வு, பதின்ம வயதின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கே இது மிகக் கடினம் என்று கண்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காலப்போக்கில் நன்றாகவே வளர்ந்துவிடுகிறார்கள். நம் ஊரில் அடுத்த தீபாவளிக்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆடி வரை ஒன்றும் ஆகவில்லை என்றால் "இந்தப் பிள்ளை ஒட்டவே ஒட்டாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சுவரில் இருக்கும் படம்

அம்மாவின் படம் ஹாலில் மாலையோடு இருக்கிறது. புது மருமகள் வரப்போகிறாள். முதலில் யாராவது ஓர் அத்தை சொல்வார்: "அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும். கழட்டி உள்ள வச்சிடு."

கழற்றாதீர்கள். வீட்டில் ஒருவர் காணாமல் போனதை அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. படம் பீரோவுக்குப் பின்னால் போகும்போது இரண்டாவது முறையும் பார்க்கிறது. இந்த முறை அதைச் செய்தவர்கள் யார் என்று அதற்குத் தெரியும். படத்தை வேறு இடத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிள்ளையிடமே கேளுங்கள். தன் படிக்கும் மேசைக்கு மேல் வேண்டும் என்று அது சொல்லலாம்.

திதி நாளும் அப்படித்தான். இரண்டாம் மனைவி முதல் மனைவியின் திதிக்குச் சமைக்கும் வீடுகள் நம்மிடம் நெடுநாளாக இருக்கின்றன. சுமங்கலியாகப் போனவளைப் பிரார்த்தனை செய்து, புடவை வைத்துக் கும்பிட்ட பிறகே வீட்டில் நல்ல காரியம் தொடங்கும் வழக்கமும் உண்டு. இந்த வழக்கங்களின் சடங்குப் பகுதியில் நம்பிக்கை இல்லாதவர்களும், இறந்தவளுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு வேண்டியது அதுதான். அன்றைக்கு அவளுக்குப் பிடித்த பலகாரத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

சித்தியின் பக்கம்

துருவனை அப்பாவின் மடியிலிருந்து இறக்கிவிட்ட சுருசியைக் கதையாகச் சொல்லித்தான் நாம் பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறோம். மாத்ரி பெற்ற நகுலனையும் சகாதேவனையும் தன் பிள்ளைகளாகவே வளர்த்த குந்தியைப் பற்றி அந்த அளவுக்குச் சொன்னதில்லை. இறந்துகிடக்கும் தம்பிகளில் ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன் என்று யட்சன் சொன்னபோது, தருமன் பீமனையும் அர்ஜுனனையும் விட்டுவிட்டு நகுலனைக் கேட்டான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்பது அவன் சொன்ன காரணம். இந்த விஷயத்தில் நம் மரபிலேயே இதைவிடப் பெரிய இடம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1966-ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சித்தி'யில் பத்மினி, நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்து அவர்களை அரவணைத்தார். மாற்றாந்தாய் என்றாலே வில்லி என்றிருந்த காலத்தில் அது துணிச்சல். ஆனால் அதற்குப் பின் இன்னொரு சுமை வந்து சேர்ந்தது. புதிதாக வரும் பெண் ஒன்று கொடுமைக்காரியாக இருக்க வேண்டும், அல்லது தெய்வமாக இருக்க வேண்டும். நடுவில் சாதாரண மனுஷியாக இருக்க அவளுக்கு இடமில்லை.

பெற்ற தாய் பிள்ளையை முதுகில் ஒன்று வைத்தால், எதிர் ஃப்ளாட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சித்தி குரலை உயர்த்தினால் லிஃப்ட்வரை செய்தி போகிறது. பிள்ளை இளைத்திருந்தால் அவள் சோறு போடவில்லை. கொழுத்திருந்தால் அக்கறை இல்லாமல் கண்டதையும் வாங்கிக் கொடுக்கிறாள். இந்தப் பயத்தில் சிலர் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லாமலே வளர்க்கிறார்கள். பிள்ளைக்கு அதுவும் விளங்கிவிடுகிறது: நம்மைத் திட்டும் அளவுக்குக்கூட இவர்களுக்கு நாம் சொந்தமில்லை.

குடும்ப ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்லும் வழி ஒன்று உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளாவது கண்டிக்கும் வேலையைப் பெற்றவரே வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வந்தவர், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பிரியமான அத்தையைப் போலவோ மாமாவைப் போலவோ இருந்தால் போதும். வீட்டு விதிகள் உண்டு, அவற்றை அவரும் நினைவூட்டலாம். தண்டனை கொடுப்பது மட்டும் அவர் வேலையல்ல. நடைமுறையில் இது அப்பாக்களுக்குத்தான் சிரமம். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வரும் மனிதர், பிள்ளையின் பொறுப்பு முழுவதையும் புது மனைவியிடம் கொடுத்துவிட்டு, "நீ ஏன் அவன்கிட்ட கடுமையா நடந்துக்கிற?" என்று கேட்பது அநியாயம். பெற்றவர் பிள்ளையோடு தனியாக இருக்கும் நேரம் மறுமணத்துக்குப் பிறகு குறையவே கூடாது. ஞாயிறு காலை இரண்டு பேரும் மட்டும் டிபன் சாப்பிடப் போகிற வழக்கம் இருந்தால் அது தொடரட்டும். புது மனைவியை, அவளுடைய பிள்ளையை அதில் சேர்த்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

கூப்பிடும் விதத்திலும் அவசரம் வேண்டாம். அங்கிள், ஆன்ட்டி, சித்தி, சித்தப்பா என்று பிள்ளைக்கு எது வாயில் வருகிறதோ அது. நாலு பேர் முன்னால் "அம்மான்னு கூப்பிடு" என்று சொல்லவைப்பது, பெற்றவளை விட்டுக்கொடுக்கச் சொல்வதாகத்தான் பிள்ளையின் காதில் விழும்.

வருகைப் பதிவேட்டில் இரண்டு இனிஷியல்

வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். பள்ளியில் வருகிறது அடுத்த சிக்கல். அக்கா, தம்பி என்று சொல்லிக்கொள்ளும் இருவருக்கும் இனிஷியல் வேறு வேறு. "உங்கப்பா பேரு என்ன?" என்று வகுப்பில் கேட்கும்போது பத்து வயதுப் பிள்ளை எந்தப் பெயரைச் சொல்வது?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆந்திரத்தில் தொடங்கிய ஒரு வழக்கு போதும். அகெல்லா லலிதாவின் கணவர் 2006-ல் இறந்தபோது, குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 2007-ல் அவர் விமானப்படை அதிகாரி ஒருவரை மறுமணம் செய்துகொண்டார். 2008-ல் இறந்தவரின் பெற்றோர், பேரனுக்குத் தங்களைக் காப்பாளர்களாக நியமிக்கக் கோரி நீதிமன்றம் போனார்கள். குழந்தை தாயிடமே இருந்தது. ஆனால் உயர் நீதிமன்றம், பையனின் குடும்பப் பெயரைப் பழையபடி மாற்ற வேண்டும் என்றும், ஆவணங்களில் பெற்ற தந்தையின் பெயரைக் காட்ட வேண்டும், அது முடியாத இடங்களில் இப்போதைய கணவரை 'மாற்றாந்தந்தை' என்றே குறிப்பிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. தந்தை இறந்த பிறகு பிள்ளைக்குத் தாய்தான் இயற்கைக் காப்பாளர். பிள்ளை எந்தக் குடும்பப் பெயரைத் தாங்குவது என்பதை அவரே முடிவு செய்யலாம். ஆவணங்களில் 'மாற்றாந்தந்தை' என்று எழுதச் சொல்வது ஏறக்குறையக் கொடூரம் என்றும், அது பிள்ளையின் மனநலத்தையும் சுயமதிப்பையும் எப்படிப் பாதிக்கும் என்று எண்ணிப்பார்க்காத உத்தரவு என்றும் நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, கிருஷ்ண முராரி ஆகியோரின் அமர்வு கண்டித்தது.

தீர்ப்பு தாய்க்குக் கிடைத்தது. நான் அதை எப்போதும் அந்தப் பையனுக்குக் கிடைத்த தீர்ப்பாகவே நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வயதுவாக்கில் தொடங்கிய வழக்கு, அவன் பதின்ம வயதைத் தொட்ட பிறகுதான் முடிந்தது.

ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக, விவரம் தெரிந்த பிள்ளையின் இனிஷியலைக் கேட்காமல் மாற்றிவிட முடியாது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்த ஓர் எழுத்து, இறந்துபோன அப்பா தன்னிடம் விட்டுப்போன கடைசிப் பொருளாக இருக்கலாம். இன்னொரு பிள்ளைக்கு, கேள்விகளிலிருந்து தப்பிக்க அந்த எழுத்து மாறினால் போதும். இரண்டுமே நியாயம். பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் நிலைமையைச் சொல்லிவைப்பது நல்லது. 'என் குடும்பம்' என்று வம்ச மரம் வரையச் சொல்லும் அந்த ஒரு நாளில் அவர் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுவார்.

(பெட்டி)
இந்துக் குடும்பங்களுக்குச் சட்டம் சொல்வது

காப்பாளர்: மாற்றாந்தந்தையோ சிற்றன்னையோ தானாகக் காப்பாளர் ஆவதில்லை. 1956-ஆம் ஆண்டு இந்துச் சிறார் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு, 'தந்தை', 'தாய்' என்பவற்றில் அவர்கள் அடங்க மாட்டார்கள் என்கிறது. கணவரை இழந்து மறுமணம் செய்த தாய், தனக்குப் பின் பிள்ளைக்கு யார் காப்பாளர் என்பதை உயிலில் எழுதிவைக்கலாம்.

பராமரிப்பு: தாய் மறுமணம் செய்துகொண்டார் என்பதற்காகவே பிள்ளையை அவரிடமிருந்து பிரிக்க முடியாது. லேகா எதிர் பி. அனில்குமார் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பிள்ளையின் நலனே முதன்மை.

சொத்து: மாற்றாந்தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மனைவியின் முந்தைய பிள்ளை அவருடைய வாரிசு ஆகாது. கொடுக்க நினைத்தால் உயில் எழுத வேண்டும், அல்லது தத்தெடுக்க வேண்டும்.

தத்து: 1956-ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி, மகன் உள்ளவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. ஆளுக்கொரு பையனோடு சேரும் தம்பதிக்கு இது நேரடியாக இடிக்கும். அவர்கள் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ், மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா' வழியாகப் போகலாம். பெற்றவர்களின் ஒப்புதல் தேவை. 2022 செப்டம்பர் முதல் இந்த உத்தரவை மாவட்ட ஆட்சியரே தருகிறார்.

தாத்தா, பாட்டி எங்கே போவார்கள்?

மகன் இறந்து, மருமகள் மறுமணம் செய்துகொண்ட வீட்டில் இரண்டு முதியவர்கள் இருக்கிறார்கள். மகன் விட்டுப்போனது அந்தப் பேரக்குழந்தை ஒன்றுதான். "புது இடம், அந்தப் பிள்ளை மனசு மாறட்டும், கொஞ்ச நாள் வராதீங்க" என்கிறார்கள் அவர்களிடம். கொஞ்ச நாள் வருஷமாகிறது. பிறகு வக்கீல் நோட்டீஸ் வருகிறது.

கோபத்தில் வந்த நோட்டீஸ் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது பயத்தில் வந்தது. கோடை விடுமுறையில் ஒரு வாரம், பொங்கலுக்கு இரண்டு நாள் என்று திருமணத்துக்கு முன்பே பேசி வைத்துவிட்டால், பல குடும்பங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக் குடும்பநல நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியதே இல்லை. பிள்ளைக்கும், தன் அப்பா சின்ன வயதில் எந்த மரத்திலிருந்து விழுந்தார் என்று சொல்ல ஆள் வேண்டும். புது அப்பாவால் அதைச் சொல்ல முடியாது.

தாய்மாமனையும் மறந்துவிடுகிறார்கள். பெற்றவள் இறந்த வீட்டில் புது மனைவி வந்ததும், பழைய மைத்துனரின் வருகை மெல்ல நின்றுபோகிறது. நாளை அந்தப் பெண் பிள்ளைக்குச் சடங்கு என்றால் சீர் கொண்டுவர யார்? புது அம்மாவின் தம்பி வரலாம், தவறில்லை. பெற்றவளின் தம்பியும் வரட்டும். மணையில் இரண்டு மாமன்களுக்கும் இடமிருக்கிறது.

இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் நான்கு பேர்

கே.கே. நகர், அசோக் நகர் பக்கத்து ஃப்ளாட்டுகளில் இரண்டு படுக்கையறை என்பதே வசதி. அதில் ஒன்றில், நேற்றுவரை தனியாகப் படுத்த பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வருகிறது. பெரியவர்களுக்கு இது இட நெருக்கடி. அந்தப் பிள்ளைக்கு இது ஆக்கிரமிப்பு. புதிதாக வந்த பிள்ளைக்கோ தான் விருந்தாளி என்ற எண்ணம்.

முடிந்தால் இருவருக்கும் புதிதான ஒரு வீட்டுக்குப் போவது நல்லது. முடியாதென்றால், குறைந்தபட்சம் ஆளுக்கொரு பூட்டுப் போடக்கூடிய டிராயர் கொடுங்கள். அதை யாரும் கேட்காமல் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் பகிர்ந்துகொள் என்று சொல்லப்படும் பிள்ளைக்கு, பகிர வேண்டாத ஒன்று இருந்தாக வேண்டும். வயது வந்த, வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்த ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும் ஒரே அறையில் தங்கவைக்க வேண்டாம்.

சங்கடமான ஒன்றையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். புதிதாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல மனிதர்கள். ஆனாலும், "அவர் தொடுறது எனக்குப் பிடிக்கலை" என்று பிள்ளை சொன்னால், "உனக்கு அவரைப் பிடிக்கலைன்னு இப்படிச் சொல்றியா?" என்று தாய் கேட்டுவிடக் கூடாது. முதலில் நம்ப வேண்டும். உறவினரோ அதே வீட்டில் வசிப்பவரோ பிள்ளையிடம் அத்துமீறினால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் அதைக் கூடுதல் தண்டனைக்குரிய குற்றமாகவே பார்க்கிறது. பெற்றவர் நம்புவார் என்று தெரிந்த பிள்ளை நடந்ததை மறைக்காது.

புதிதாக ஒரு குழந்தை பிறக்கும்போது வீடு மறுபடி ஆடும். "இவங்க ரெண்டு பேருக்கும் இது சொந்தக் குழந்தை, நான் யாரு?" என்ற கேள்வி மூத்த பிள்ளைகளுக்குள் வந்துபோகும். மருத்துவமனையில் முதலில் குழந்தையைத் தூக்குவது அவர்களாக இருக்கட்டும். உறவினர்கள் யாராவது "இதுதான் முதல் வாரிசு" என்று சொன்னால், அந்த இடத்திலேயே, பிள்ளைகளின் காதில் விழும்படி, பெற்றவர் திருத்த வேண்டும்.

வார இறுதியில் இன்னொரு வீட்டுக்குப் போய்வரும் பிள்ளை திரும்பி வந்ததும், "அங்க என்ன சமைச்சாங்க? யார் யார் வந்தாங்க? அப்பா எங்களைப் பத்தி என்ன சொன்னாரு?" என்று விசாரிக்க வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் சேதி சொல்லும் வேலை பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பள்ளிக் கட்டணமோ விடுமுறையோ, பெரியவர்கள் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளட்டும். கே.கே. நகர் வீட்டுப் பெண் அப்பா வீட்டுக்குப் போகும் சனிக்கிழமையில், வீட்டில் இருக்கும் சின்னவனுக்கும் ஒரு நிகழ்ச்சி வேண்டும். அவனைப் பெற்றவளின் அம்மா வீடு, அவளுடைய தங்கை வீடு என்று எங்காவது ஓர் இடம் இருக்கும். அந்தக் கதவு மூடிப்போயிருந்தால் போய்த் தட்டலாம்.

(பெட்டி)
உதவிக்கு யாரை அழைப்பது?

இரவில் படுக்கையை நனைப்பது மறுபடி தொடங்கினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் குறைந்தாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகள் உதவி எண்: 1098
மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை: 14416
தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண்: 104
நேரில்: எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை.

நகைப் பெட்டி

திருமணத்துக்கு முன் பேச வேண்டியவற்றில் பலரும் வாய் திறக்கத் தயங்குவது, இறந்த தாயின் நகைகளைப் பற்றி. இந்துச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த தாயின் உடைமையில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு. ஆனால் நடப்பது வேறு. புது மனைவி ஒரு கல்யாணத்துக்கு அந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு போகிறாள். அதைப் பற்றி அவளிடம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை, அவளுக்குத் தெரியாது. இறந்தவளின் மகள் அதைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் அறைக்குப் போய்விடுகிறாள். அதற்குப் பின் ஆறு மாதம் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் புரிவதில்லை.

நான் அறிந்த ஒரு வீட்டில், இதைக் கிளப்பியது புதிதாக வரவிருந்த பெண்தான். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் அவர் கேட்டார்: "அவங்க நகையெல்லாம் எங்க இருக்கு? முதல்ல அதைப் பொண்ணு பேருக்கு எழுதி வைங்க. எனக்கு அப்பதான் நிம்மதி." மகளின் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொன்றாக எடை போட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, மாமனும் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணும் போட்டாள். பட்டியலின் நகல் ஒன்று அவளிடம், ஒன்று மாமனிடம், மூலம் லாக்கரில். ஒரு ஜோடிக் கொலுசை மட்டும் அவள் வெளியே எடுத்துக்கொண்டாள், கல்யாணத்தன்று போட்டுக்கொள்வதற்கு.